விமான எலிவேட்டர் பேரிங் தேய்மானம்: மாற்றுவதற்கு முன் ஆட்டம் எங்கே என்று பார்ப்பது எப்படி?

#1 தாம்பரம் தும்பி

வணக்கம். நானும் நண்பர்களும் சேர்ந்து ஒரு பழைய விமானத்தை வாங்கியிருக்கிறோம். கிட்டாக (உதிரிப் பாகங்களின் தொகுப்பாக) வந்ததை வேறொருவர் வீட்டிலேயே கட்டி முடித்தது. இரண்டு இருக்கை, முழுக்க அலுமினியம். 2015 வெள்ளத்தின் போதும் 2023 மிக்ஜாமின் போதும் இந்த ஊரில்தான் நின்றிருக்கிறது. மேலே கூரை உண்டு, பக்கச் சுவர் கிடையாது. இப்போது படப்பை பக்கம் ஒரு ஷெட்டில் வைத்து வேலை பார்க்கிறோம்.

விமானி பிடிக்கும் ஸ்டிக்கை அசையாமல் கட்டிவிட்டு வலது எலிவேட்டரின் (வாலில் மேலும் கீழும் திரும்பும் பகுதி) பின்விளிம்பைப் பிடித்து லேசாக மேலும் கீழும் தள்ளினால் டக் டக் என்று ஆடுகிறது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 3 மில்லிமீட்டருக்குக் குறையாது. இடது பக்கம் அவ்வளவு இல்லை. அய்லரான் (இறக்கையில் திரும்பும் பகுதி) தாங்கிகளில், அதாவது பிராக்கெட்டுகளில், அழுத்திப் பொருத்திய பேரிங்குகள் சொரசொரப்பாகத் திரும்புகின்றன, பந்தைச் சுற்றிச் சிவப்புத் துருவும் கசிந்திருக்கிறது. ரட்டர் (வால் சுக்கான்) பரவாயில்லை.

எல்லா ராட் எண்ட்களையும் (கூட்டுக்குள் துளையுள்ள பந்து திரும்பும் மரை நுனிகள்) ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறோம். பாரிமுனையில் ஒரு பேரிங் கடையில் விசாரித்தேன். 5 மில்லிமீட்டர் துளை, எம்6 மரை, கையிருப்பில் இருக்கிறது என்றார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் செலவும் அதிகம், காத்திருக்கவும் வேண்டும். கடைச் சரக்கைப் போடலாமா? பழையதைக் கழற்றும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

#2 பழைய ஃபிட்டர்

தம்பி, முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். நீங்கள் எழுதியதிலேயே ஒரு துப்பு இருக்கிறது: வலது ஆடுகிறது, இடது அவ்வளவு இல்லை.

ஸ்டிக்கிலிருந்து வால் வரை வரும் புஷ் ராடில் ஆட்டம் என்றால் இரண்டு எலிவேட்டரும் சேர்ந்துதான் ஆட வேண்டும். ஒரே ராட்தானே இரண்டையும் தள்ளுகிறது? ஒன்று மட்டும் ஆடினால் அந்த ராட் முடியும் இடத்துக்கு அப்பால்தான் கோளாறு. அதாவது வலது ஹார்னில் (ராட் தள்ளும் எலிவேட்டரின் கை) இருக்கலாம், இல்லையென்றால் வலது பக்கக் கீல்களில்.

வீட்டுக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கீல் தேய்ந்திருந்தால் கதவைத் தூக்கினால் மேலே வரும். தாழ்ப்பாள் லூஸாக இருந்தால் கதவு திறந்து மூடுகிற பக்கம் ஆடும். எலிவேட்டரும் அப்படித்தான். கீல் அருகே முன்விளிம்பைப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் தள்ளுங்கள். கீல் அச்சே இடம் மாறினால் கீலில் தேய்மானம். அச்சு அசையாமல் பின்விளிம்பு மட்டும் சுழன்று ஆடினால் ஹார்ன், போல்ட், புஷ் ராட் பக்கம் தேடுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. உங்கள் ஹார்னின் கை 10 சென்டிமீட்டர், கீலிலிருந்து பின்விளிம்பு 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஹார்ன் போல்ட்டில் உள்ள ஆட்டம் பின்விளிம்பில் நான்கு மடங்காகத் தெரியும். கீலில் உள்ள தேய்மானம் ஏறக்குறைய அதே அளவில்தான் தெரியும். 3 மில்லிமீட்டர் ஆட்டம் முழுவதும் கீலில் இருந்து வருகிறதென்றால் பேரிங்கில் பந்தே பாதி வெளியே வந்திருக்கும். ஆகவே எனக்கு ஹார்ன் மேல்தான் சந்தேகம்.

சோதிக்கும் முறை: ஒருவர் பின்விளிம்பை மெதுவாக ஆட்டட்டும். நீங்கள் விரல் நுனியை மூட்டின் மேல் வையுங்கள், விரலின் பாதி தாங்கியில், பாதி ராட் எண்ட் உடலில். இரண்டும் ஒன்றோடொன்று நகர்ந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் போல்ட் தலையில் விரல் வையுங்கள். எலிவேட்டரைச் சுழற்றும்போது போல்ட்டும் சேர்ந்து சுழல்கிறதா என்று பாருங்கள். இதை மறக்காதீர்கள்.

#3 அம்பத்தூர் லேத்

விமானம் எனக்குத் தெரியாது, பேரிங் தெரியும். எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கிறேன், பாக்கிங் மெஷின்களுக்கு ராட் எண்ட் மாற்றுவது அன்றாட வேலை. நல்ல ஜப்பான் கம்பெனி ராட் எண்ட், இந்தச் சின்ன அளவில்கூட நூற்றுக்கணக்கான கிலோ பாரம் தாங்கும். ஒரு எலிவேட்டர் கீலில் அவ்வளவு பாரம் வரப்போவதில்லை. 'ஏரோ' என்று சொன்னதுமே விலை பல மடங்கு ஏறிவிடுகிறது. தரமான சரக்கு, அசல் டீலரிடம் பில்லோடு வாங்கினால் என்ன குறை? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

#4 பழைய ஃபிட்டர்

நியாயமான கேள்வி. பாரம் தாங்குமா என்றால் தாங்கும். ஆனால் இங்கே மூன்று விஷயம் இருக்கிறது.

ஒன்று, அளவு. இந்த விமானங்கள் அங்குல அளவில் வடிவமைத்தவை. இவற்றில் போடும் ஏஎன்3 ரக போல்ட் 3/16 அங்குலம், அதாவது சுமார் 4.8 மில்லிமீட்டர். அதை 5 மில்லிமீட்டர் துளையில் போட்டால் புத்தம் புதிய பேரிங்கிலேயே 0.2 மில்லிமீட்டர் ஆட்டம். எதை நீக்கப் பணம் செலவழிக்கிறோமோ அதையே காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். மரையும் அப்படித்தான். எலிவேட்டர் ஸ்பாரில் (உள் உத்திரம்) இருக்கும் நட்பிளேட் (பதித்த நட்டு) கால் அங்குலம், அங்குலத்துக்கு 28 மரை. எம்6 அதில் நாலு சுற்று ஏறுவது போல ஏறி லூஸாக நிற்கும். அதைவிட ஆபத்து வேறு இல்லை.

இரண்டு, உள் இடைவெளி. மெஷினுக்கான சாதாரண ராட் எண்டில் பந்துக்கும் கூட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டே செய்வார்கள், கிரீஸ் நிற்க வேண்டுமே. விமானத்துக்கானதில் பந்து இறுக்கமாக இருக்கும், கையில் வாங்கித் திருப்பினால் லேசாகப் பிடிக்கும். அந்த இறுக்கம்தான் நமக்கு வேண்டியது.

மூன்று, பந்து கழன்றால் என்ன ஆகும் என்பது. அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி கையேடு இதைத் தனியாகவே சொல்கிறது. பேரிங் உடைந்து பந்து வெளியே வந்தாலும் ராட் கையைவிட்டுப் போகக் கூடாது. ஒன்று, ராட் எண்டின் உடல் தாங்கியின் இரண்டு காதுகளுக்கு (போல்ட் போகும் தகடுகள்) நடுவே சிக்கி நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே பிடிப்பு என்றால் பந்து இருக்கும் துளையைவிடப் பெரிய வாஷரை நட்டுக்கு அடியில் போட வேண்டும். மெஷினில் ராட் கழன்றால் ஷிஃப்ட் நின்றுபோகும், இங்கே அப்படிச் சொல்லிவிட முடியாது.

வடிவமைத்தவர் எந்த எண் சொல்லியிருக்கிறாரோ அதையே வாங்குங்கள். ஆனால் எத்தனை வாங்க வேண்டும் என்பது, ஆட்டம் எங்கே என்று தெரிந்த பிறகுதான்.

#5 அம்பத்தூர் லேத்

அங்குலக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன் சார். தரமான ஜப்பான் சரக்கில் இடைவெளி குறைவாகவே வரும், அதில் மட்டும் என் கருத்து வேறு. ஆனால் இந்த மரைக்கு அது கிடைக்காது, அதனால் வாதம் வேண்டாம். கழற்றுவதற்கு அழுத்தும் டூல், புஷ் (துளைக்குள் போடும் உறை) ஏதாவது தேவைப்பட்டால் சொல்லுங்கள், கடைந்து தருகிறேன்.

#6 தாம்பரம் தும்பி

ஃபிட்டர் சார் சொன்னபடி பார்த்தோம். டயல் கேஜின் காந்த அடி அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் ஸ்டெபிலைசர் (வாலின் அசையாத பகுதி) பக்கத்தில் மர ஸ்டாண்ட் நிறுத்தி அதன்மேல் இரும்புத் தகடு வைத்து அளந்தோம்.

வெளிக் கீலில் பந்து கூட்டுக்குள் கெட்டியாகவே இருக்கிறது. ஆனால் எலிவேட்டரைச் சுழற்றினால் பந்து சுழலாமல் போல்ட் சுழல்கிறது! தாங்கியின் அலுமினியக் காதில் துளை முட்டை வடிவமாகிவிட்டது. போல்ட்டைச் சுற்றிக் கறுப்பு மை மாதிரி ஒரு வளையம். நட்டு காட்டர் பின்னோடுதான் (நட்டு கழலாமல் குறுக்கே செருகும் ஊசி) இருக்கிறது, ஆனால் கையாலேயே திருப்பலாம். ராட் எண்டுக்கும் காதுக்கும் நடுவே இரண்டு பக்கமும் இடைவெளி, வாஷரே இல்லை.

வலது ஹார்னில் இன்னும் மோசம். புஷ் ராடின் பந்து இரண்டு ஹார்ன்களுக்கும் நடுவே இருக்கிறது. இடது பக்கம் ஸ்பேசர் உண்டு, வலது பக்கம் ஒரு மெல்லிய வாஷர் மட்டும். நட்டு இறுக்கவில்லை. வலது ஹார்ன் துளையில் போல்ட் நன்றாக ஆடுகிறது. 3 மில்லிமீட்டரில் பெரும்பகுதி இங்கேதான். நடுக் கீல் பேரிங்கில் துரு, திருப்பினால் கரகரக்கிறது.

#7 பழைய ஃபிட்டர்

அந்தக் கறுப்பு வளையம் அலுமினியம் தேய்ந்து வந்த பொடி. போல்ட் பல வருஷமாகக் காதுக்குள் சுழன்றிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த இழையைப் படிக்கும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இது: கோள பேரிங் என்பது பந்து சுழல்வதற்காக இருப்பது. போல்ட் சுழலக் கூடாது. போல்ட், காது, வாஷர், பந்து, வாஷர், காது, நட்டு எல்லாம் ஒரே கட்டையாக இறுக வேண்டும். அந்தக் கட்டையைச் சுற்றிக் கூடு மட்டும் திரும்ப வேண்டும். நட்டு லூஸாக இருந்தால், இறுக்கமான நல்ல பந்தைத் திருப்புவதைவிடப் போல்ட்டைத் துளைக்குள் திருப்புவது சுலபம். காற்று எது சுலபமோ அதைத்தான் செய்யும். நல்ல பேரிங் தப்பித்துக்கொள்ளும், மிருதுவான காது தேயும். அப்படிப்பட்ட மூட்டில் புது பேரிங் போட்டால் அது பழையதைவிட இறுக்கமாக இருக்கும், காது இன்னும் வேகமாகத் தேயும்.

கட்டியவர் ஏன் நட்டை இறுக்காமல் விட்டார் என்பதும் எனக்குப் புரிகிறது. இடைவெளியில் வாஷர் இல்லாமல் இறுக்கினால் காதுகள் இரண்டும் உள்ளே வளையும். வளைந்துவிடுமோ என்று பயந்து லூஸாக விட்டிருப்பார். சரியான வழி, இடைவெளி முழுவதையும் வாஷரால் நிரப்புவது. ஏஎன்960 வாஷரில் சாதாரணம் 1.6 மில்லிமீட்டர், மெல்லியது 0.8. இரண்டையும் கலந்துபோட்டு, காது அசையாமல் வாஷர் உரசிக்கொண்டு நுழைகிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். அந்தச் சந்தில் வாஷரை விரலால் நிறுத்த முடியாது. இரண்டு வாஷரையும் துளிக் கிரீஸால் ஒட்டி, ஒரு மெல்லிய தகட்டு நுனியில் டேப்பால் பிடித்து உள்ளே செலுத்துங்கள். போல்ட் கடந்ததும் டேப்பை உருவிவிடலாம்.

அப்புறம் டார்க், அதாவது நட்டை இறுக்கும் முறுக்கு விசை. ஏஎன்3க்கு சாதாரண நட்டு என்றால் 20 முதல் 25 அங்குல பவுண்டு, அதாவது 2.3 முதல் 2.8 நியூட்டன் மீட்டர். மெல்லிய ஷியர் நட்டு என்றால் 12 முதல் 15 அங்குல பவுண்டுதான். காசில் நட்டில் (காட்டர் பின் செருகப் பிளவுகள் உள்ள நட்டு) பின்னுக்கான துளை ஒத்துவரவில்லை என்றால் நட்டைத் தளர்த்தி ஒத்துவைக்காதீர்கள், அடியில் வாஷரை மாற்றுங்கள்.

தேய்ந்த காதை என்ன செய்வது என்று கிட் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். தாங்கி தனியாகக் கிடைத்தால் மாற்றிவிடுவதே மேல். ஹார்ன் எஃகு என்பதால் அதில் துளையை ரீமர் போட்டுப் பெரிதாக்கி எஃகு புஷ் அழுத்த வாய்ப்பு உண்டு. ஆனால் துளையிலிருந்து விளிம்பு வரை போதிய உலோகம் மிஞ்ச வேண்டும். அதை வடிவமைத்தவர்தான் சொல்ல வேண்டும்.

#8 குரோம்பேட்டை மாணவி

நான் ஏரோநாட்டிகல் மூன்றாம் ஆண்டு. வகுப்பில் ஃபிளட்டர் (காற்றில் விமானப் பகுதிகள் தானாகவே அதிர்வது) பற்றிப் படிக்கும்போது 1916இல் ஹேண்ட்லி பேஜ் ஓ/400 குண்டுவீச்சு விமானத்தின் வால் அதிர்ந்த கதையிலிருந்துதான் தொடங்குவோம். இரண்டு எலிவேட்டர்களும் தனித்தனிக் கேபிளில் இருந்ததால் ஒன்று ஏற மற்றொன்று இறங்க, உடலே முறுக்கி அதிர்ந்தது. பொறியாளர் லான்செஸ்டர் அதை ஆராய்ந்து இரண்டையும் கெட்டியான ஒரு குழாயால் இணைக்கச் சொன்னார். தும்பி அண்ணா விமானத்தில் வலது எலிவேட்டர் இடதோடு சேராமல் தனியாக 3 மில்லிமீட்டர் ஆடுகிறது என்று படித்தபோது எனக்கு உடனே அதுதான் நினைவுக்கு வந்தது.

பாடத்தில் படித்ததை வைத்து ஒரு விஷயம் சேர்க்கிறேன். ஆட்டம் இருக்கும் பகுதிக்குள் எலிவேட்டருக்கு விறைப்பே கிடையாது. அந்த 3 மில்லிமீட்டருக்குள் அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. பறக்கும்போது காற்றின் பாரம் ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தால் ஆட்டம் தெரியாது. பாரம் பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தில்தான் நடுங்கத் தொடங்கும். எலிவேட்டருக்கு முன்னால் எடை வைத்துச் சமன் செய்திருப்பதால் கொஞ்சம் தாங்கும். டிரிம் டேபுக்கு (எலிவேட்டரின் பின்விளிம்பில் உள்ள சிறு தகடு) அந்த எடையும் இல்லை, இணைப்பின் விறைப்பை மட்டுமே நம்பி இருக்கிறது. அண்ணா, டிரிம் டேபையும் அளந்தீர்களா?

ஃபிட்டர் சாரிடம் ஒரு கேள்வி. இந்தக் கீல்களில் காட்டர் பின் இல்லாமல் நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் பிடிக்கும் தன்னிறுக்க நட்டு) போட்டால் போதாதா? அது தானாகக் கழலாதே?

#9 பழைய ஃபிட்டர்

நல்ல கேள்விம்மா. போல்ட்டோ நட்டோ சுழலக்கூடிய மூட்டில் தன்னிறுக்க நட்டு மட்டும் போதாது, காசில் நட்டும் காட்டர் பின்னும் வேண்டும் என்பது பழைய விதி. பந்தை இறுக்கிப் பிடித்த மூட்டில் போல்ட் சுழலாது, அதனால் சில கிட்களில் வரைபடமே நைலாக் காட்டும். அங்கே வரைபடத்தின்படி போங்கள். இவர் விமானத்தில் நடந்த மாதிரி இறுக்கம் போனால் நைலாக் மெல்லக் கழல ஆரம்பிக்கும். காட்டர் பின் இருந்ததால்தான் இந்தப் போல்ட் இன்றைக்கும் உள்ளே இருக்கிறது.

நைலாக்கைத் திரும்பத் திரும்பப் போடுவது பற்றியும் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவில் ரெனோ விமானப் பந்தயத்தில் ஒரு பி-51 விமானம் கூட்டத்தின் நடுவே விழுந்தது. விமானியோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள். விபத்துகளை ஆராயும் என்டிஎஸ்பி விசாரணையில் வந்தது என்ன? எலிவேட்டர் டிரிம் டேபின் நட்டுகளில் பூட்டும் உட்பகுதி பழசாகித் தேய்ந்திருந்தது, அதனால் ஸ்க்ரூக்கள் தளர்ந்தன, டேப் விறைப்பு இழந்தது, பந்தய வேகத்தில் ஃபிளட்டர். நீ கேட்ட டேப் கேள்விக்கும் இதுவே பதில். இந்த விமானம் அந்த வேகத்தில் போகாது, சரி. ஆனால் ஒரு நட்டின் விலை என்ன? கையால் முழுவதும் திருக முடிகிற நைலாக்கைக் குப்பையில் போட வேண்டும்.

#10 ஸ்கார்பரோ கட்டுநர்

வணக்கம், டொரன்டோவிலிருந்து. நான் இங்கே ஆர்வி-7 என்ற கிட் விமானம் ஒன்றைக் கட்டிப் பறக்கிறேன். கழற்றுவது பற்றித் தும்பி முதலிலேயே கேட்டிருந்தார், அதற்கு வருகிறேன்.

எலிவேட்டர் ராட் எண்டைத் திருகிக் கழற்றுவதற்கு முன் ஸ்பார் முகத்திலிருந்து பந்தின் நடு வரை எவ்வளவு என்று வெர்னியரால் அளந்து எழுதுங்கள். மூன்று கீலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெளியே நின்றால் எலிவேட்டரைத் திருப்பும்போது நடுவில் பிடிக்கும், அந்த இழுவை முழுவதும் பந்தின் மேல் விழும். கால் அங்குல 28 மரையில் ஒரு முழுச் சுற்று 0.9 மில்லிமீட்டர். அரைச் சுற்றுக்குக் குறைவாக வைக்க முடியாது, ஏனென்றால் துளை பக்கவாட்டில் திரும்பிவிடும். ஆகவே 0.45 மில்லிமீட்டர் படிகளில்தான் சரிசெய்யலாம். அதற்குள் மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும்.

சரிபார்க்க நான் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டினேன். பந்துகளின் துளைக்குள் சின்ன அடைப்பு ஒன்று, அதன் நடுவில் நரம்பு போகும் அளவுக்குத் துளை. நரம்பு எங்காவது ஒடிந்து நின்றால் அந்த ராட் எண்டை அரைச் சுற்று உள்ளேயோ வெளியேயோ. அம்பத்தூர் அண்ணா அந்த அடைப்புகளைக் கடைந்து கொடுத்தால் அருமையாக இருக்கும்.

புஷ் ராட் நுனியில் பார்வைத் துளை இருந்தால் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். கம்பி உள்ளே போனால் மரை போதிய ஆழம் ஏறவில்லை. கடைசியில் ஜாம் நட்டை (மரை நகராமல் பூட்டும் நட்டு) இறுக்கிச் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள், பின்னால் நகர்ந்தால் கண்ணில் படும்.

அய்லரான் தாங்கியில் அழுத்திய பேரிங்கை எடுக்கும்போது சுத்தியல் வேண்டவே வேண்டாம். வைஸ் போதும். ஒரு பக்கம் வெளி வளையத்தைவிடச் சற்றே சிறிய உருளை, மறு பக்கம் பேரிங் விழுவதற்கு ஒரு கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பு துளைக்கு ஒட்டினாற்போல் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் தாங்கியின் தகடு குழியும். புதியதை அழுத்தும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்துங்கள். பந்தின் மேல் அழுத்தினால் புது பேரிங் அங்கேயே கெட்டது. நான் பேரிங்கை ஃப்ரீசரில் வைத்துத் தாங்கியைக் கொதிநீரில் போட்டேன், கட்டைவிரலாலேயே இறங்கியது. அலுமினியத்துக்கு கேஸ் டார்ச் காட்டாதீர்கள், அதன் பதம் போய்விடும்.

#11 அம்பத்தூர் லேத்

அழுத்தும் டூல், அடைப்பு இரண்டும் ஆகிவிடும், அளவு மட்டும் அனுப்புங்கள்.

ஃப்ரீசர் வேலையைச் சென்னையில் செய்யும்போது ஒன்று கவனிக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கணமே பேரிங் மேல் தண்ணீர் முத்து முத்தாகப் பூத்துவிடும். அதோடு அழுத்தினால் அந்த ஈரம் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். எஃகும் அலுமினியமும் ஈரத்தோடு சேர்ந்தால் அரிப்புத் தானே, அதிலும் உப்புக் காற்று. பேரிங்கைச் சிலிக்கா ஜெல்லோடு ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். தாங்கி சூடாகத் தயாரான பிறகு பையைத் திறந்து நேராக இறக்குங்கள். சூடான தாங்கியையும் துணியால் துடைத்துத் துளையில் ஒரு சொட்டு நீர்கூட இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வேலையைக் காலையில், ஏசி அறை கிடைத்தால் அதில் செய்வது நல்லது.

துளை கொஞ்சம் லூஸாக இருந்தால் ரிட்டெய்னிங் காம்பவுண்ட் (இறுகிப் பிடிக்கும் பசை) போடும் வழக்கம் எங்களிடம் உண்டு. லாக்டைட் 641 மாதிரி, பின்னால் கழற்றக்கூடிய ரகம். ஆனால் அது பந்துப் பக்கம் கசிந்தால் பந்தே பூட்டிக்கொள்ளும், ஆகவே துளையின் சுவரில் மெல்லிய பூச்சு மட்டும். அலுமினியத்தில் மெதுவாகத்தான் இறுகும், அவசரப்பட்டு ஆட்டிப் பார்க்காதீர்கள். விமானத்தில் இது சரியா என்று ஃபிட்டர் சார்தான் சொல்ல வேண்டும்.

#12 பழைய ஃபிட்டர்

நீங்கள் சொன்ன ஈர விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. துளைச் சுவரில் ஜிங்க் குரோமேட் பிரைமர் மெல்லப் பூசிவிட்டு, அது ஈரமாக இருக்கும்போதே பேரிங்கை அழுத்துவது விமானத்தில் உள்ள பழக்கம். பிரைமர் போடுகிற இடத்தில் சூடு, குளிர் வேண்டாம், வைஸே போதும். காம்பவுண்டைப் பொறுத்தவரை, சில கிட் கம்பெனிகள் லூஸான துளைக்கு அதை அனுமதிக்கின்றன. தும்பி அவர்களிடம் கேட்டு எழுத்தில் வாங்கட்டும்.

#13 தாம்பரம் தும்பி

எல்லோருக்கும் நன்றி. கிட் கம்பெனியிலிருந்து பதில் வந்தது: வெளிக் கீலுக்குப் புதுத் தாங்கி, வலது ஹார்னுக்கு எஃகு புஷ், அளவும் அவர்களே கொடுத்தார்கள். எல்லா ராட் எண்டும் என்று ஆரம்பித்தது, இப்போது நடுக் கீல், புஷ் ராட் பின் நுனி, அய்லரான் பேரிங்குகள், இவ்வளவுதான் ஆர்டர். டிரிம் டேபையும் அளந்தோம், கீல் கம்பி தேய்ந்திருக்கிறது, அதுவும் பட்டியலில் சேர்ந்தது. அந்தத் தங்கைக்குத் தனியாக நன்றி.

ஒரு சந்தேகம். இங்குள்ள மெக்கானிக் ஒருவர் எல்லாப் பேரிங்குக்கும் கிரீஸ் அடிக்கச் சொல்கிறார். இன்னொருவர் டபிள்யூடி-40 போதும் என்கிறார். புதுப் பேரிங்குகளில் பந்தைச் சுற்றி ஒரு மங்கலான துணி மாதிரி வளையம் தெரிகிறது. எது சரி?

#14 ஸ்கார்பரோ கட்டுநர்

அந்தத் துணி மாதிரி தெரிவது டெஃப்லான் கலந்த லைனர். அதுதான் அங்கே உராய்வைக் குறைப்பது. அதற்கு கிரீஸ், எண்ணெய், ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். கிரீஸில் தூசு ஒட்டும், அது லைனரைத் தின்னும். கடுமையான கரைப்பான்களும் பெயிண்ட் ரிமூவரும் லைனரைக் கெடுக்கும், அதனால் பெயிண்ட் வேலை இருந்தால் பேரிங்கை டேப்பால் மூடுங்கள். உலோகத்தோடு உலோகம் உரசும் பழைய ரகத்துக்கு மட்டும் எண்ணெய் போடலாம். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், நீடித்து மசகாக இருக்காது. பேரிங்கின் பார்ட் நம்பரைப் பார்த்து எந்த ரகம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள்.

பெயிண்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. எலிவேட்டரை மறுபடி பெயிண்ட் அடித்தால் கீலுக்குப் பின்னால் எடை கூடும். மாட்டுவதற்கு முன் எடைச் சமநிலையைக் கட்டாயம் சோதியுங்கள்.

#15 பழைய ஃபிட்டர்

ஸ்கார்பரோ தம்பி சொன்னது சரி. வெண்கல புஷ் எங்காவது இருந்தால் அது வேறு. எண்ணெய் ஊறிய சிண்டர்டு புஷ் (உலோகப் பொடியை அழுத்திச் செய்தது) என்றால் உள்சுவரை எமரித் தாளால் தேய்க்காதீர்கள், நுண்துளைகள் அடைபட்டு எண்ணெய் வராமல் போகும்.

#16 தாம்பரம் தும்பி

வேலை முடிந்தது. அம்பத்தூர் அண்ணா கடைந்த புஷ் ஹார்னில் இறங்கிய விதத்தை வீடியோவே எடுத்து வைத்திருக்கிறேன். வெளிக் கீலில் இரண்டு பக்கமும் ஒரு தடித்த வாஷரும் ஒரு மெல்லியதும் சரியாகப் பிடித்தன. தூண்டில் நரம்பில் நடுக் கீல் வெளியே நிற்பது தெரிந்து அரைச் சுற்று உள்ளே போட்டோம். போல்ட் தலையில் விரல் வைத்து எலிவேட்டரை முழுக்க மேலும் கீழும் திருப்பினேன், போல்ட் அசையவில்லை. ஸ்டிக்கைக் கட்டிவிட்டுப் பார்த்தால் பின்விளிம்பில் டயல் கேஜ் முள் அரை மில்லிமீட்டருக்குள் நிற்கிறது, இரண்டு பக்கமும் சேர்ந்தே நகர்கிறது. மிச்சமிருப்பது புஷ் ராட் வரிசையில் உள்ளது என்று நினைக்கிறேன்.

எந்தக் கீலில் எத்தனை வாஷர், எவ்வளவு டார்க், எந்த எண் பேரிங் என்று பதிவேட்டில் எழுதியாயிற்று. முதல் பறப்புக்கு முன் வேறொருவரை வைத்து எல்லா நட்டையும் பின்னையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். இனி ஒரே கேள்வி: இது மறுபடி தேயாமல் இருக்க என்ன செய்வது? பெரும்பாலும் ஷெட்டில்தான் நிற்கப்போகிறது.

#17 ஸ்கார்பரோ கட்டுநர்

ஷெட்டில் நிற்கும்போதுதான் அதிகம் தேயும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் பறக்கிற விமானத்தின் எலிவேட்டர் மீதி நேரமெல்லாம் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஊரில் கோடையில் தினமும் மதியம் கடற்காற்று, ஐப்பசி கார்த்திகையில் புயல். சீட் பெல்ட்டால் ஸ்டிக்கைக் கட்டுவது பலருடைய பழக்கம். அப்படிக் கட்டினால் காற்றின் அடி முழுவதும் ஹார்ன் போல்ட், புஷ் ராட் எல்லாவற்றின் வழியாகவும் போய் ஸ்டிக்கில்தான் நிற்கும். பூட்டு வெளியே, எலிவேட்டரும் ஸ்டெபிலைசரும் சேரும் இடத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டு, உள்பக்கம் ரப்பர் ஃபோம், நடுவே கீல் இடைவெளி வழியாகப் போகும் ஒரு போல்ட், ஒரு சிறகுத் திருகு. ஒவ்வொரு எலிவேட்டருக்கும் ஒன்று, ரட்டருக்கு ஒன்று. நீளமான சிவப்புத் துணிப் பட்டை தைத்துவிடுங்கள், பூட்டைக் கழற்றாமல் யாரும் கிளம்பிவிடக் கூடாது.

#18 அம்பத்தூர் லேத்

அந்தப் போல்ட்டும் திருகும் என்னிடமே ஸ்டெயின்லெஸ்ஸில் இருக்கிறது. ஸ்டெபிலைசரின் தடிமனும் இடைவெளியும் அளந்து அனுப்புங்கள் தம்பி, சனிக்கிழமை பட்டறைக்கு வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம்.